படி இல்லாத பள்ளம்

2022 மே 14, சனிக்கிழமை இரவு. திருநெல்வேலிக்குத் தெற்கே, முன்னீர்பள்ளம் அருகே இருக்கும் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் நள்ளிரவை ஒட்டிய நேரத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 300 அடி ஆழத்தில் ஹிட்டாச்சிகள் கல்லை அள்ளிப் போட, லாரிகள் ஏற்றிக்கொண்டிருந்தன. மேலே இருந்து பாறை பெயர்ந்து விழுந்தது. அடியில் இருந்த 6 பேரும் வண்டிகளோடு சிக்கிக்கொண்டார்கள்.

விடிந்த பிறகு 2 பேரைக் காயங்களோடு மேலே கொண்டுவந்தார்கள். மூன்றாமவரும் உயிரோடுதான் வெளியே வந்தார், ஆனால் பிழைக்கவில்லை. மற்ற மூவரின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கடைசி உடல் ஒரு லாரி ஓட்டுநருடையது. அதை எடுக்க எட்டு நாள் ஆயிற்று.

எட்டு நாள் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. தீயணைப்புத் துறை இருந்தது, பெரிய கிரேன் இருந்தது. ஹெலிகாப்டர்கூட வந்தது, பயன்படவில்லை. ஆள் எங்கே கிடக்கிறார் என்று ஏறக்குறையத் தெரிந்தும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. மீட்பவர்கள் தலைக்கு மேலேயே பாறை மறுபடி மறுபடி சரிந்தது. அது சரிந்து முடியும்வரை மேலே நின்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காரணம் அந்தப் பள்ளத்தின் உருவம். உள்ளே போன ஆறு பேருக்கு எது எமனாக வந்ததோ அதுவேதான் மீட்கப் போனவர்களையும் தடுத்தது. செங்குத்தான சுவர். நடுவில் நிற்க ஓர் இடம் கிடையாது, விழும் கல்லைத் தாங்க ஒரு திட்டு கிடையாது. அந்தத் திட்டைத்தான் தொழிலில் 'பெஞ்ச்' என்பார்கள், தமிழில் படி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் படியைப் பற்றியதுதான்.

ஆறு மீட்டர்

1961-இல் வந்த உலோகக் கனிமச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கம் எப்படி வெட்டப்பட வேண்டும் என்று சொல்வது. கெட்டியான பாறையாக இருந்தால் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 20 அடி இறங்கினால் 20 அடி உள்ளே தள்ளி நின்று அடுத்த 20 அடி இறங்க வேண்டும். பெரிய இயந்திரங்களை வைத்து வேலை செய்பவர்கள் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தில் தனி அனுமதி வாங்கி, அது விதிக்கும் நிபந்தனைகளோடு இதைக் கூட்டிக்கொள்ளலாம். அடியைக் குடைந்து மேல்பாறையைத் தொங்கவிடுவதையும் விதி தடை செய்கிறது. விளிம்பை ஒட்டி உதிரிக் கல் கிடக்கக் கூடாது என்கிறது. அடைமிதிப்பான்குளத்தில் பாறை விழுந்தபோது இந்த விதிக்கு வயது 61.

விதியை எழுதியவர்கள் அலங்காரத்துக்காக எழுதவில்லை. தென்மாவட்டங்களில் வெட்டப்படுவது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். ஜல்லிக்கு இதைவிட உறுதியான கல் கேட்க முடியாது. ஆனால் கல் உறுதியாக இருப்பதும் மலை உறுதியாக இருப்பதும் வேறு வேறு. மலைக்குள் எல்லாத் திசையிலும் பிளவுகள் ஓடுகின்றன. சில பிளவுகள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் பாறைக்குக் கீழேயிருந்த முட்டு வெட்டி எடுக்கப்பட்ட பிறகு, உராய்வு ஒன்றுதான் பிடிமானம். மழைத் தண்ணீர் பிளவுக்குள் இறங்கினால் அந்தப் பிடிமானமும் குறையும். ஒவ்வொரு வேட்டும் தேவையான கல்லை மட்டும் உடைப்பதில்லை. பின்னால் நிற்கும் சுவருக்குள்ளும் சிறு வெடிப்புகளைத் திறந்துவிட்டுப் போகிறது. நேற்று வைத்த வேட்டுக்கு இன்று விழாத கல் அடுத்த மாதம் விழலாம், நள்ளிரவில் லோடு ஏற்றும்போது விழலாம்.

இதனால்தான் வேட்டு வைத்த பிறகு சுவரில் தொங்கும் உதிரிக் கல்லைத் தட்டி இறக்க வேண்டும். படி 6 மீட்டர் என்றால் அந்தப் படியில் நிற்கும் ஹிட்டாச்சியின் கை சுவரின் உச்சிவரை எட்டும். வேலையை மேற்பார்க்கும் மேட் கண்ணாலேயே பார்த்து எந்தக் கல் ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். சுவர் 90 மீட்டர் என்றால் எந்த இயந்திரத்தின் கையும் எட்டாது, எந்த மேட்டின் கண்ணும் எட்டாது. மேலே ஒரு கல் ஆடிக்கொண்டிருப்பது அது கீழே வந்த பிறகுதான் தெரியும். படி என்பது விழும் கல்லைத் தாங்கும் தட்டு என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை, சுவரைச் சுத்தம் செய்ய ஆள் நிற்பதற்கு இடம் கொடுப்பது.

அப்படியானால் ஏன் படி வெட்டுவதில்லை? அறியாமை என்று சொல்வார்கள். அறியாமை இல்லை, இது கணக்கு. நாமே போட்டுப் பார்க்கலாம்.

4 ஹெக்டேர் குத்தகை என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 10 ஏக்கர். பக்கத்துக்கு 200 மீட்டர் உள்ள சதுரம். விதிப்படி 6-க்கு 6 என்று படி வெட்டிக்கொண்டு 90 மீட்டர் இறங்கினால் 15 அடுக்குகள் வரும். மேல் அடுக்கின் அகலம் 200 மீட்டர், அடுத்தது 188, அதற்கடுத்தது 176 என்று குறுகிக்கொண்டே போய் அடியில் 32 மீட்டர்தான் மிஞ்சும். இதில் மொத்தமாகக் கிடைக்கும் கல் சுமார் 14.5 லட்சம் கன மீட்டர். அதே நிலத்தில் படியே இல்லாமல் செங்குத்தாக 90 மீட்டர் வெட்டினால் 36 லட்சம் கன மீட்டர். வித்தியாசம் 21 லட்சத்துக்கும் மேல். விதியை மதிக்கும் குவாரிக்காரர் தன் குத்தகைக்குள் இருக்கும் கல்லில் பத்தில் ஆறு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லையிலிருந்து விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளியை நான் இதில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் இன்னும் குறையும்.

அந்த 21 லட்சம் கன மீட்டரை டிப்பர்களாக மாற்றிப் பார்ப்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன். படி வெட்டாத குவாரி விற்கும் ஜல்லியின் விலையோடு படி வெட்டும் குவாரி போட்டி போட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்லவராக இருப்பதற்குச் சந்தையில் அபராதம் கட்ட வேண்டிய தொழில் இது.

கேட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

குவாரியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்பதே பதில். குத்தகை கொடுப்பது, சீனியரேஜ் தொகை வசூலிப்பது, கல்லை வெளியே கொண்டுபோக நடைச்சீட்டு தருவது எல்லாம் மாவட்ட ஆட்சியரின் கீழ் இயங்கும் மாநிலக் கனிமவளத் துறை. 1959-இன் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள்தான் அவர்களுக்கு வேதம். 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமாயிற்று. வெடிமருந்துக் கிடங்கின் உரிமம் 'பெசோ' என்ற ஒன்றிய அரசு அமைப்பிடம். தொழிலாளியின் உயிர் யாரிடம்? ஜார்க்கண்டின் தன்பாத்தில் தலைமையகம் வைத்திருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்திடம். நிலக்கரிச் சுரங்கம் முதல் ஜல்லிக் குவாரி வரை நாடு முழுவதற்கும் அந்த ஓர் அமைப்புதான்.

'சுரங்கச் சட்டமெல்லாம் பூமிக்குள் போகிறவர்களுக்கு, நமக்கு எதற்கு?' என்ற நினைப்பு குவாரித் தொழிலில் வெகு சகஜம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1952-இன் சுரங்கச் சட்டம் கட்டடக் கல், சரளை, செம்மண் போன்றவற்றைத் தோண்டும் இடங்களுக்கு ஒரு விலக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை: ஆழம் எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தவே கூடாது. மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால்தான் விலக்கு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் வெடி வைக்காமல், 20 அடிக்குள் நிற்கும் ஜல்லிக் குவாரியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. குவாரியை ஒட்டியே பல இடங்களில் கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர் இருக்கும். ஒரே முதலாளி, ஒரே ஆட்கள், நடுவில் ஒரு கேட். அந்தப் பக்கம் சுரங்கம், ஒன்றிய அரசின் ஆய்வாளர் வர வேண்டும். இந்தப் பக்கம் தொழிற்சாலை, மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறை வர வேண்டும். கிரஷரில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. கைகொடுக்கக்கூடும். சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட இடத்தை இ.எஸ்.ஐ. சட்டம் தொழிற்சாலைக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருந்ததால், 2025 நவம்பர் வரை குழியில் அடிபட்டவர் 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. காலையில் கிரஷரில் நின்றவர் மதியம் குழிக்குள் ஜாக் ஹாமர் பிடிக்கிறார். அவருடைய கை எந்த மணிக்கு நசுங்கியது என்பதைப் பொறுத்துச் சட்டமும் அலுவலகமும் மாறிவந்தன.

மாநிலத் துறையைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் கண் லோடின் மேல் இருப்பது இயல்புதான், அதற்காகவே அது அமைக்கப்பட்டது. எத்தனை கன மீட்டர் போயிற்று, சீட்டு இருக்கிறதா, பணம் கட்டியாயிற்றா என்பதே அதன் கேள்விகள். சுவர் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது அதன் கேள்வி அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அலுவலகம் தூரத்தில் இருக்கிறது, ஆள் குறைவு. அடைமிதிப்பான்குளத்துக்குப் பிறகுதான் நெல்லை மாவட்டக் குவாரிகள் எல்லாவற்றிலும் வரிசையாக ஆய்வு நடந்தது. விதிமீறல்கள் கொத்துக் கொத்தாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அவை ஒரே இரவில் முளைத்தவை அல்லவே.

பாறை சொல்லிவிட்டுத்தான் வருகிறது

2013 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. ஒரே இரவில் இரண்டு சரிவுகள், மொத்தம் ஏறக்குறைய 16 கோடி டன் பாறையும் மண்ணும். சுரங்கத் தொழிலில் பதிவான மிகப் பெரிய சரிவுகளில் அது ஒன்று. ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. சுவர் நகர்வதை ரேடார் பல வாரங்களாகவே காட்டிக்கொண்டிருந்தது. நகர்வு வேகமெடுத்ததும் சரிவுக்குப் பல மணி நேரம் முன்பாகவே எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். இயந்திரங்கள் சில புதைந்தன, நஷ்டம் பெரிது. ஆட்கள் வீட்டில் இருந்தார்கள்.

2016 டிசம்பர் 29 மாலை ஜார்க்கண்டின் கோட்டா மாவட்டம், லால்மாட்டியா. கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸுக்குச் சொந்தமான ராஜ்மகால் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். நிலக்கரிக்கு மேலிருந்து அள்ளிய மண்ணைக் கொட்டி வைத்திருந்த பகுதி, 300 மீட்டர் நீளமும் 110 மீட்டர் அகலமும் கொண்ட தரையோடு, 35 மீட்டர் கீழே இறங்கியது. நிறுவனத்தின் முதல் அறிக்கை 95 லட்சம் கன மீட்டர் மண் என்றது, முன்னெப்போதும் காணாதது என்றது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றது. 23 பேர் இறந்தார்கள், ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்தவர்கள்.

இரண்டையும் ஒன்றாக வைப்பது நியாயமா என்று கேட்கலாம். பணக்கார நாட்டுத் தாமிரச் சுரங்கத்தின் ரேடாரை ஜல்லிக் குவாரியில் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் பாறை அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. விழுவதற்கு முன் மேல் விளிம்பில் தரை வெடிக்கும். பழைய வெடிப்பு அகலமாகும். காரணமில்லாமல் சிறு கற்கள் பொலபொலவென்று உதிரும். இதுவரை காய்ந்து கிடந்த இடத்தில் நீர் கசியும். இவற்றைப் பார்க்க ரேடார் வேண்டாம், இரண்டு ஆணியும் ஒரு டேப்பும் போதும். வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் அளந்து எழுதினால் சுவர் நகர்வது தெரிந்துவிடும். அதற்கு ஒரு மேட் பகலில் மேலே ஏறி நடக்க வேண்டும். அவர் 'இன்றைக்குக் கீழே யாரும் இறங்க வேண்டாம்' என்று சொன்னால் அது செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவதுதான் சிரமம். லோடுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்கிறவர் எல்லோருக்கும் எதிரி, முதலாளிக்கு மட்டுமல்ல, காத்து நிற்கும் லாரிக்காரருக்கும். இரவில் இன்னொரு சிக்கல். விளக்கு வெளிச்சம் தரையில்தான் விழும். மேல் விளிம்பு இருட்டில் இருக்கும். உதிரும் கல் காதுக்குக் கேட்க வேண்டும், இயந்திரச் சத்தத்தில் அது கேட்காது.

விரலுக்கு விலை

பாறை சரிந்து நான்கு பேர் இறந்தால் செய்தி. குவாரியின் அன்றாடக் காயங்கள் செய்தியில் வருவதில்லை, பதிவேட்டிலும் பெரும்பாலும் வருவதில்லை.

டிப்பர் பின்னால் வரும்போது ஓட்டுநர் கண்ணுக்குப் படாத இடத்தில் நிற்பவர் நசுங்குவது ஒன்று. திறந்தவெளிச் சுரங்கங்களில் டம்பர், லாரி விபத்துகள் எப்போதுமே உயிர்ப்பலிக் காரணங்களின் முன்வரிசையில் இருப்பவை. பள்ளத்துக்குள் இறங்கும் பாதையின் ஓரத்தில் மண் அணை இல்லாததால் வண்டி உருள்வது இன்னொன்று. அமெரிக்க விதியில் அந்த அணை, அந்தப் பாதையில் ஓடும் மிகப் பெரிய வண்டியின் அச்சு உயரத்துக்காவது இருக்க வேண்டும். நம் குவாரிப் பாதைகளில் வரிசையாக வைத்த சில குண்டுக்கல்தான் அணை.

பிறகு மருந்து. வேட்டு வைத்ததில் ஒரு குழி வெடிக்காமல் நின்றுவிடும். விதி தெளிவாக இருக்கிறது: காத்திருக்க வேண்டும், பழைய குழியைத் தொடக் கூடாது, குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாகப் புதுக் குழி போட்டு வெடிக்க வேண்டும். ஆனால் பழைய குழியின் மிச்சம் தயாராக வாய் திறந்து நிற்கிறது. அதிலேயே ஜாக் ஹாமரை வைத்தால் பாதி வேலை மிச்சம். உள்ளே வெடிக்காத மருந்து இருந்தால் ஆளே மிச்சமில்லை. வேட்டின்போது 300 மீட்டருக்குள் யாரும் வெளியில் நிற்கக் கூடாது என்பது விதி. கல் அதற்கும் அப்பால் பறந்துபோய் விழுந்த கதை குவாரிக்குப் பக்கத்து ஊர்களில் ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும். மருந்து குழிக்குப் போகும் முன்பே ஆளை எடுப்பதும் உண்டு. 2024 மே 1, தொழிலாளர் தினத்தன்று, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூர் குவாரியின் வெடிமருந்து அறை வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இவற்றுக்கும் கீழே இருப்பவை விரல்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, கன்வேயர் பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே, டிப்பரின் பின்கதவுக்கு நடுவே. 1952-இன் சட்டத்தின் பார்வையில் விரலில் ஓர் எலும்பு முறிந்தாலே அது 'கடுமையான காயம்', உடனே தகவல் போக வேண்டியிருந்தது. அதைவிடச் சின்னக் காயமானால் 72 மணி நேரமாவது வேலைக்கு வர முடியாமல் போனால்தான் கணக்கில் சேர்ந்தது. ஆகவே என்ன நடக்கும்? முறிந்த விரலுக்கு எக்ஸ்ரே எடுப்பதற்குப் பதிலாக நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடப்படும். இரண்டு நாள் ஓய்வு, மூன்றாம் நாள் கேட்டில் லாரி எண் எழுதுகிற வேலை. காயமும் இல்லை, விடுப்பும் இல்லை, பதிவேடு சுத்தம். முதலாளி செலவுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்தால் அவர் நல்லவர் என்று பெயர்.

அந்த விரலுக்குச் சட்டத்தில் என்ன விலை என்று தெரிந்தவர்கள் குறைவு. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ ஆனால் 7. மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40. 35 வயதுக்காரர் ஒருவர் ஆட்காட்டி விரலை இழந்தால், 2020-இல் திருத்திய 15,000 ரூபாய் மாதக்கூலி உச்சவரம்பின்படி, அதில் 60 சதவீதத்தை அந்த வயதுக்குரிய 197.06 என்ற காரணியால் பெருக்கி, வருவதில் 14 சதவீதம் எடுக்க வேண்டியிருந்தது. 2,48,295 ரூபாய். இறந்துபோனால் கூலியில் பாதிதான் கணக்கு, 14,77,950 ரூபாய். மாதம் 25,000 சம்பாதித்தவரானாலும் அந்தச் சட்டம் 15,000-க்கு மேல் பார்க்கவில்லை. 'அவன் கான்ட்ராக்டர் ஆள்' என்று குவாரிக்காரர் கைவிரிக்கவும் வழியில்லை, அதன் 12-ஆம் பிரிவு முதன்மை முதலாளியையே பொறுப்பாக்கியது. இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பது இந்தக் கணக்கைப் போட்டால் தெரியும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, கூலியைக் கையில் வாங்கி, எந்த ஏட்டிலும் பெயரில்லாமல் வேலை செய்பவர் இந்தக் கணக்கை யார் முன்னால் போட்டுக் காட்டுவார் என்பது வேறு கதை.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. குழி போடும்போது பறக்கும் கல்தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் போகாது, சிலிகோசிஸ் என்று பெயர், மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே குழி போட்டால் தூசி பெருமளவு அடங்கும். ஜாக் ஹாமர் பிடிக்கிறவர்கள் முகத்தில் துண்டைச் சுற்றியிருப்பதைப் பார்த்திருப்போம், அந்த அளவு நுண்தூசிக்குத் துண்டு ஒரு தடையே இல்லை. சட்டப்படி இதுவும் அறிவிக்க வேண்டிய நோய், இழப்பீட்டுக்குரிய நோய். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். நடப்பில் இருமல் வந்ததும் காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாறை விழுந்து இறப்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. இதற்குத் தேதியும் இல்லை, குவாரியின் பெயரும் இல்லை. அந்த ஆள் அதற்குள் மூன்று குவாரி மாறியிருப்பார்.

ஐயாயிரம் ரூபாய்

2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கனிமம் உள்ள நிலத்துக்குத் தமிழக அரசு புதிதாக விதித்த வரி அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் கிடைக்காமல் கட்டட வேலைகள் தடுமாறின. அமைச்சர் பேச்சு நடத்தினார், கணக்கு மாற்றப்பட்டது, கிரஷர்கள் மறுபடி ஓடின. டன்னுக்கு எத்தனை ரூபாய் என்பதில் அரசும் தொழிலும் எவ்வளவு நுணுக்கமாகப் பேச முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அடுத்த மாதம், மே 20, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டை. ஆழமான பள்ளத்தின் அடியில் வேட்டுக்குக் குழி போட்டுக்கொண்டிருந்தபோது மேலிருந்து பாறை சரிந்தது. 6 பேர் இறந்தார்கள். ஒருவர் ஒடிசாக்காரர். அடைமிதிப்பான்குளம் நடந்து சரியாக மூன்று ஆண்டும் ஆறு நாளும் ஆகியிருந்தது. நிவாரணம் அறிவிக்கப்பட்டது, கைது நடந்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. நெல்லையில் நடந்தவை எல்லாம் ஏறக்குறைய அதே வரிசையில் இங்கேயும் நடந்தன. இரண்டு சம்பவங்களிலும் நாம் 'எதிர்பாராத விபத்து' என்றுதான் எழுதினோம், பத்திரிகைக்காரர்களும் சேர்த்தி. ஆறு மீட்டருக்கு ஒரு படி என்று எழுதி வைத்திருக்கும் நாட்டில், படி இல்லாத சுவர் விழுவதில் எதிர்பாராதது எது?

தண்டனை என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று தோன்றும். 1952-இன் சட்டத்தில் 72-சி பிரிவு இருந்தது. விதியை மீறியதால் ஓர் உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கை கால் போனால் ஓராண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம். இந்த 'அல்லது' தான் முக்கியம். ஒரு டிப்பர் டயரின் விலைக்குக்கூட அந்த அபராதம் காணாது. அனுமதி இல்லாமல் ஒரு லோடு கடத்தி மாட்டினால் அதைவிட அதிகம் கட்ட வேண்டியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. சுரங்கச் சட்டம் அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்பில் உயிரிழப்புக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். சிறை இரண்டாண்டு என்பது அப்படியே இருக்கிறது, 'அல்லது' என்பதும் இருக்கிறது. இந்தத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு, அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்த ஒரு பிரிவில் பழையதைவிடப் புதியது மேல். 5 லட்சத்தை 21 லட்சம் கன மீட்டரோடு ஒப்பிட்டால் அதுவும் சிறியதுதான்.

அபராதத்தைக் கூட்டுவதைவிட எளிதான ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. அனுமதித்த அளவுக்கு மேல் கல் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கனிமவளத் துறை இப்போது குவாரிகளுக்கு மேல் ட்ரோன் பறக்கவிடுகிறது. எடுத்த பள்ளத்தின் கொள்ளளவைக் கணக்கிட, ட்ரோன் அந்தப் பள்ளத்தின் முப்பரிமாண உருவத்தை உண்டாக்கியே ஆக வேண்டும். எந்தச் சுவர் எத்தனை மீட்டர், எந்த இடத்தில் படி இருக்கிறது, எந்த இடத்தில் பாறை தொங்குகிறது என்பதெல்லாம் அந்த உருவத்திலேயே வந்துவிடுகிறது. அதற்காகத் தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அந்தக் கோப்பை மாவட்ட அலுவலகத்திலிருந்து சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், 6 மீட்டருக்கு மேல் அனுமதியில்லாமல் நிற்கும் சுவர்களைச் சிவப்பில் குறிக்க வேண்டும், அவற்றில் படி வெட்டி முடிக்கும்வரை நடைச்சீட்டு தரக் கூடாது. நடைச்சீட்டு கொடுப்பது மாநில அரசு. அதை நிறுத்திவைக்கத் தன்பாத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.